பதினோரு எழுத்து விலாசம்

அத்தியாயம் ஒன்பது

“மேடம், அந்த பட்டனை அழுத்திடாதீங்க!”

கழுவின ஈரம்கூடக் காயாத டிபன் பாக்ஸோடு அவள் கவுன்ட்டர்களுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஓடி வந்தாள். வங்கியில் யாரும் ஓடுவதில்லை. ஓடினால் வரிசையில் நிற்பவர்கள் உடனே வாசல் கதவைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் பார்க்கவும் செய்தார்கள்.

மேடத்தின் விரல் மௌஸின் மேலேயே நின்றது. அந்தக் கிளையின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும் அந்த இன்னொருவர் மேடம். அவர் அழுத்தினால் பணம் கடல் தாண்டும்.

“எதை?”

“இதை.” தட்டில் மேலாகக் கிடந்த பாரத்தைக் காட்டினாள். கட்டத்துக்கு ஒன்றாக, லிஃப்ட் பட்டன் வரிசை மாதிரி நேராக நிற்கும் எழுத்துகள். உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படி எழுதுவார். “இது எங்க அப்பா பாரம்.”

“தெரியும். அதனாலதான் உனக்குப் பதிலா பென்சில் பையன் என்ட்ரி போட்டிருக்கான். சொந்தக்காரங்க பாரத்தை நீ தொடக் கூடாது. ரூல் ஞாபகம் இருக்கில்ல?”

“தொடல மேடம், பார்த்தேன். ஸ்விஃப்ட் கோடைப் பாருங்க. அஞ்சாவது எழுத்தும் ஆறாவது எழுத்தும்.”

மேடம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்து பென்சிலும் கழுத்தை நீட்டினான். ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பெயர். அவன் தாடையிலேயே முனை சீவியது போல ஒரு கூர் இருக்கும்.

“உங்க அண்ணன் இருக்கிற நாடு இது இல்லையே,” என்றார் மேடம் மெதுவாக.

“அதான் மேடம்.”

போன வாரத்தை விட்டுவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவளை வீட்டில் எல்லோரும் வக்கீல் என்பார்கள். சட்டம் படித்ததால் அல்ல. காய்கறிக்காரர் மீதிச் சில்லறை தந்தால்கூட நாலு கேள்வி கேட்பாள். அண்ணன் ஆறு வருடமாக வெளிநாட்டில், ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அண்ணி இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விசா வரும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். அம்மா வாசல் கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாள். ஏனென்றால் அந்த வீட்டில் சின்னவன் என்றும் ஒருவன் இருந்தான். மூன்று வருடமாக அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. அவன் பெயரை அப்பா முன்னால் யாரும் எடுப்பதும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அண்ணனிடமிருந்து அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வீடு பார்த்துவிட்டேன், முன்பணம் கட்ட வேண்டும், புது அக்கவுன்ட், உடனே அனுப்புங்கள். அப்பா இன்று காலை பிக்சட் டெபாசிட்டை உடைத்துவிட்டார். முழுவதையும்.

அதுவரைதான் போன வாரம்.

“இதை நிராகரிக்கச் சொல்றியா?” மேடம் கேட்டார்.

“வேண்டாம் மேடம். கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. நான் விசாரிச்சுட்டு வரேன்.”

“இப்ப மணி ஒண்ணு அம்பது. மூணு மணிக்கு மேல இன்னிக்குப் பணம் அனுப்ப முடியாது, கதவு மூடிடும். இன்னிக்கு வியாழன். இப்ப போனா நாளைக்கு அங்கே விழும். நாளைக்குப் போனா நடுவுல சனி, ஞாயிறு. திங்கட்கிழமைதான்.”

“தெரியும் மேடம்.”

“போயிட்டா திரும்ப வாங்கறது எவ்வளவு பாடுன்னும் தெரியும்.” மேடம் பாரத்தைத் தட்டின் ஓரத்தில் குப்புற வைத்தார். “போ. நடந்து போ.”

*

அப்பா ஹாலில், மூன்றாவது வரிசை நாற்காலியில், டோக்கனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் சட்டென்று சுவரில் ஓடிய எண்களைப் படிக்கத் தொடங்கினார்.

“என்னம்மா வக்கீல், அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சாச்சா?”

“நான் சாப்பிடப் போற நேரம் பார்த்து வந்தீங்களாக்கும்.”

“உங்க அண்ணன்தான் சொன்னான். அவகிட்ட சொன்னா கேள்வி மேல கேள்வி கேட்பா, வேலை நடக்காதுன்னு.”

“அப்படியே சொன்னானா? வாயால?”

“எழுதியிருந்தான்.”

“குரல் கேட்டீங்களா அப்பா?”

அவர் போனை நீட்டினார். அவள் படித்தாள். பெயர், கணக்கு எண், கோடு. கீழே, ‘வேலையில் இருக்கிறேன், பேச முடியாது, பிறகு பேசுகிறேன்.’ இதே மாதிரி வாக்கியங்களை அவள் கவுன்ட்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பணத்தைத் தொலைத்தவர்கள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டும் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தப் பதினோரு எழுத்து இருக்கே, இது பேங்க்கோட விலாசம். உலகத்துல எந்த பேங்க்னாலும் இதை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. முதல் நாலு எழுத்து எந்த பேங்க்னு சொல்லும். அடுத்த ரெண்டும் எந்த நாடுன்னு. அதுக்கு அடுத்த ரெண்டு எழுத்தைப் பார்த்தா ஊர் தெரியும், கடைசி மூணைப் பார்த்தா கிளை தெரியும். இதுல நாடு அண்ணன் இருக்கிற நாடு இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவு நாடு.”

“ஆறாவது மாடின்னு அழுத்தினா ஏழாவதுல போய் நிக்கிற கேஸா?”

“வேற கட்டடத்துலயே போய் நிக்கிற கேஸ்.”

அப்பா டோக்கனை மடித்தார், பிரித்தார். “அவன் நம்பர்லேருந்துதான் வந்துது அம்மாடி.”

“போன் திருட்டுப் போயிருக்கலாம். வேற எவனாவது அதுக்குள்ள பூந்திருக்கலாம்.”

“இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் கிணத்துல தொங்கிச் சேர்த்தது.” அவர் குரலில் பதற்றம் இல்லை. விலைப்பட்டியல் படிக்கிற மாதிரி சொன்னார். “அதைப் பெரிசா நினைக்கல. உங்க அண்ணி சூட்கேஸை இறக்கித் துடைச்சு வச்சிருக்கா. மறுபடி பரண்மேல ஏத்தச் சொல்லணும். அதுதான் கஷ்டம்.”

“மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. எங்கேயும் போயிடாதீங்க.”

“டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு நான் எங்கே போக?”

*

பென்சில் தயாராக ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

“அக்கா, சும்மா பயப்படாதீங்க. இப்பல்லாம் போன்லயே நடக்கிற பேங்க் நிறைய வந்துடுச்சு. ஆள் ஒரு நாட்டுல இருப்பான், பேங்க் இன்னொரு நாட்டுல பதிவாயிருக்கும். கோடு அந்த நாட்டைத்தான் காட்டும். போன மாசம்கூட ஒருத்தருக்கு இப்படித்தான் வந்துது.”

“நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன். கடைசி மூணு எழுத்தைப் பாரு.”

பார்த்தான்.

“போன்ல நடக்கிற பேங்க்குக்குக் கிளை ஏதுடா? எட்டு எழுத்தோட நிக்கும். இல்லன்னா கடைசி மூணும் வெறும் நிரப்பல் எழுத்தா இருக்கும். இதுல அசல் கிளை எழுத்து இருக்கு. கதவு, ஜன்னல், வாட்ச்மேன் எல்லாம் உள்ள கிளை.”

பென்சில் கோடுகளின் பட்டியலைத் திரையில் திறந்து பதினோரு எழுத்தையும் தட்டினான். ஒரு வங்கியின் பெயர் வந்தது. கீழே தீவின் ஒரு துறைமுக ஊர். அதற்கும் கீழே: சரக்குக் கிடங்கு சாலைக் கிளை.

“உங்க அண்ணன் ரொட்டி சுடறவர்தானே? துறைமுகத்துல என்ன வேலை?”

“அதையே அவன்கிட்டயும் கேட்கணும்.”

அண்ணனின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். அதே பெண் குரல், அதே மரியாதை.

மணி இரண்டு பத்து.

அண்ணியைக் கூப்பிட்டாள். ஏழாவது ரிங்கில்தான் எடுத்தாள்.

“சீக்கிரம் சொல்லு. ஒரு கையில ஊசி, ஒரு கையில போன். இங்கே ஒருத்தர் ஊசியைப் பார்த்தே மயங்கிட்டு இருக்கார்.”

“அண்ணன்கிட்ட கடைசியா எப்ப பேசினீங்க அண்ணி?”

“நேத்து. ஏன்?”

“நேத்து பேசினீங்களா? அவன் போன் ஆஃப்ல இருக்கே.”

“சார்ஜ் இருக்காது.”

“எந்த நம்பர்ல பேசினீங்க?”

“என்ன இது, குறுக்கு விசாரணையா? ஊசி போடற நேரத்துல வந்து...”

“அண்ணி, அப்பா பேங்க்ல உட்கார்ந்திருக்கார். டெபாசிட் முழுசையும் உடைச்சுட்டு வந்து, முன்பின் தெரியாத ஒரு தீவுக்கு அனுப்பப் போறார். அண்ணன் நல்லா இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

மறுமுனையில் கையுறையை உருவும் சத்தம் கேட்டது. யாரிடமோ “ரெண்டு நிமிஷம் சார், தண்ணி குடிங்க” என்றாள். ஒரு கதவு மூடியது.

“முழுசையுமா?”

“முழுசையும்.”

“அவர் அவ்வளவு கேட்கலியே...” அண்ணி நிறுத்தினாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும்.

எப்போது கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதும் வக்கீலுக்குத் தெரியும்.

“லீவு போட்டுட்டு அந்தத் தீவுக்குப் போய் ஆறு நாள் ஆச்சு,” என்றாள் அண்ணி. “நல்லாத்தான் இருக்கார். எதுக்குப் போனார்னு நான் சொல்ல மாட்டேன், சத்தியம் வாங்கியிருக்கார். நம்பர் தரேன். நம்பர் தர மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல.”

“வக்கீல் வேலைக்கு நீங்கதான் போயிருக்கணும் அண்ணி.”

“எழுதிக்கோ. அப்புறம், வீடு பார்த்ததா சொன்னதெல்லாம்... அந்த சூட்கேஸை நான் சும்மாதான் துடைச்சு வச்சேன். மாமா நம்பணும்னு.”

*

இரண்டாவது ரிங்கிலேயே அண்ணன் எடுத்துவிட்டான். பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம். யாரோ யாரையோ ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

“யாரு?”

“நான்தான். எந்த ஆஸ்பத்திரி?”

“ஏய் வக்கீல்! இந்த நம்பர் உனக்கு எப்படி...”

“அண்ணா, மணி ரெண்டு இருபது. மூணு மணிக்குக் கதவு மூடிடும். பாரம் மேடம் டேபிள்ல குப்புறக் கிடக்கு. நீ சொல்றதைப் பொறுத்துத்தான் அது நிமிரும். யாருக்கு என்ன ஆச்சு?”

அண்ணன் மூச்சை விட்டான். எதையோ நெடுநேரம் தூக்கிக்கொண்டு நின்றவன் கீழே வைக்கிற மாதிரி.

“சின்னவனுக்கு.”

அவள் டிபன் பாக்ஸை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். அதை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

“இருக்கானா?”

“இருக்கான், இருக்கான். கிடங்கு வேலைக்குப் போயிருக்கான். ஏணியிலேருந்து விழுந்துட்டான். இடுப்பு எலும்பு. அது காலுக்குப் போற நரம்பை அழுத்துது. உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்குச் சாயங்காலம் ஆபரேஷன் பண்ணலன்னா நடக்கிறது சந்தேகம்ங்கறாங்க. இந்த டாக்டர் அதுக்கப்புறம் மூணு வாரம் ஊர்ல இல்ல. மதியத்துக்குள்ள பணம் கட்டணும். என்கிட்ட இருந்ததெல்லாம் போட்டாச்சு. பத்தல.”

“அதை அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“அவனுக்குன்னா அவர் கொடுப்பாரா? அவன் பேரைச் சொன்னாலே எழுந்து மாடிக்குப் போறவர். எனக்கு வீடுன்னா கொடுப்பார். அதான் அப்படி எழுதினேன். நீ கேள்வி கேட்காம அனுப்ப வை, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“இரு. பாரத்துல பேர் உன் பேரா இருக்கு.”

“ஆமா. என் பேர் இருந்தாத்தானே அவர் எழுதுவார்?”

“அக்கவுன்ட் யாரோடது?”

“அவனோடது. அவன் போன்லேருந்தே இங்கே கட்டிடலாம்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். கோபத்தில் அல்ல. அண்ணன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்பது முழுதாகத் தெரிந்ததில்.

“அண்ணா, கோடு சரி, நம்பர் சரி. ஆனா அந்த ஊர் பேங்க் பேரையும் நம்பரையும் ஒத்துப் பார்க்கும். ரெண்டும் ஒரே ஆளா இல்லன்னா பணத்தை உள்ளே விடாது. நடுவுல தொங்கும். திரும்பி வர பத்து நாள் ஆகும். நான் மட்டும் ஓடி வராம இருந்தா, நாளைக்கு மதியம் நீ காலி அக்கவுன்ட்டைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பே.”

“நம்பர் சரியா இருந்தா போதும்னுல்ல நினைச்சேன்...”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கே நேரா அனுப்பலாமா?”

“அவங்க ஆபீஸ் மூடிட்டாங்க. இங்கே பொழுது சாய்ஞ்சாச்சு. காலையில எட்டு மணிக்குத்தான் ஆள் வரும்.”

“அப்ப அவன் அக்கவுன்ட்தான். பேர் எப்படி இருக்கு அதுல?”

“அவன் பேர்தான்.”

“முழுப் பேர் அண்ணா. பின்னால அப்பா பேர் இருக்கா, இல்லையா?”

அண்ணனுக்கும் அந்த நாள் ஞாபகம் வந்திருக்கும்.

மூன்று வருடம் முன்பு, அப்பாவின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கம்பியைச் சோதிக்காமலே சோதித்ததாக அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான் சின்னவன். மறுநாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஏழு பேர், இரண்டு மணி நேரம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒப்பந்தம் போனது. ‘என் பேரைக் கெடுத்துட்டியேடா’ என்றார் அப்பா. ‘அப்ப உங்க பேரே எனக்கு வேண்டாம், பாஸ்போர்ட்லேருந்தே எடுத்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

“எடுத்தானா இல்லையான்னு தெரியலையே வக்கீல்,” என்றான் அண்ணன். “நம்பரும் கோடும் அவன் படுத்துக்கிட்டே சொன்னான், எழுதிக்கிட்டேன். பேரைக் கேட்கத் தோணல. இப்ப வலிக்கு மருந்து கொடுத்துத் தூங்க வச்சிருக்காங்க. போன் பூட்டியிருக்கு. இங்கே சீட்டுல வெறும் அவன் பேரைத்தான் எழுதியிருக்காங்க, வேலைக்கூட்டாளிங்க கொண்டு வந்து சேர்த்தது.”

“எழுப்ப முடியாதா?”

“ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”

மணி இரண்டு முப்பத்தொன்று.

*

அப்பா அதே நாற்காலியில்தான் இருந்தார். புதுப் பாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் போய் உட்கார்ந்தாள்.

“திருட்டு இல்லப்பா.”

“நான்தான் சொன்னேனே, அவன் நம்பர்னு.” அவர் முகத்தில் லேசாக வெற்றி. “அப்ப அழுத்தச் சொல்லு.”

“பேர் தப்பு. அந்த அக்கவுன்ட் அண்ணனோடது இல்ல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். சுற்றி வளைக்க நேரம் இல்லை. “தம்பியோடது.”

அப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்துவிடுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஹாலில் யாருடைய டோக்கனையோ கூப்பிட்டார்கள். செருப்புச் சத்தம் போனது.

அவள் சொல்லி முடித்தாள். ஏணி, இடுப்பு, நரம்பு, நாளை மதியம். அண்ணன் வீடு பார்க்கவில்லை என்பதையும்.

“வலது காலா, இடது காலா?” என்றார் அப்பா.

“கேட்கலப்பா.”

“கேட்டிருக்கணும். நீயே கேட்காம விட்டுட்டியே.” அவர் புதுப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். “சரி. இப்ப என்ன பண்ணணும்?”

“பேர் இருக்கிற இடத்துல அவன் பேரை எழுதணும். உங்க கையால. அனுப்பறவர் நீங்க. உங்க கையெழுத்தும் எழுத்தும் ஒண்ணா இருக்கணும்.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் இல்ல. அக்கவுன்ட்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே வேணும். பின்னால உங்க பேர் இருக்கான்னு யாருக்கும் தெரியல. எடுத்துடறேன்னு சொல்லிட்டுப் போனான் இல்ல? இருக்கிறதை விட்டாலும் தப்பு, இல்லாததைச் சேர்த்தாலும் தப்பு. தப்பானா நின்னுடும். அவன் கண் முழிக்க ரெண்டு மணி நேரம் ஆகும், நமக்கு இருக்கிறது இருபது நிமிஷம்...”

“பேனா கொடு.”

கொடுத்தாள்.

அப்பா பாரத்தை முழங்காலில் வைத்து, கட்டம் கட்டமாக எழுத ஆரம்பித்தார். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர், ஒவ்வொரு எழுத்தாக, பட்டன் வரிசையாக நின்றது. முடிந்ததும் ஒரு கட்டம் விட்டார். பிறகு பேனா தயங்காமல் அடுத்த பெயரையும் எழுதியது. தன்னுடைய பெயர்.

“அப்பா, ஒருவேளை அப்படி இல்லன்னா?”

“அப்படித்தான் இருக்கு.”

“எப்படித் தெரியும் உங்களுக்கு?”

அப்பா காரணம் என்ற கட்டத்தில் ‘மருத்துவச் செலவு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பாரத்தை அவளிடம் நீட்டினார்.

“மணி என்ன?”

“ரெண்டு நாப்பத்து நாலு.”

“அப்ப முதல்ல இதைக் கொண்டு போய்க் கொடு. விசாரணை அப்புறம் வச்சுக்கலாம்.”

*

பென்சில் இவ்வளவு வேகமாகத் தட்டி யாரும் பார்த்ததில்லை. பழைய பதிவை நீக்கினான், புதியதைப் போட்டான். கோடைத் திரையில் ஒருமுறை, பாரத்தில் ஒருமுறை, விரல் வைத்துப் படித்தான். பதினோரு எழுத்தும் சரி. கணக்கு எண் சரி. மேடத்தின் திரைக்கு அனுப்பினான்.

மேடம் எல்லாவற்றையும் தன் வேகத்திலேயே பார்த்தார். அவருடைய வேகத்தை நெருப்புப் பிடித்தாலும் மாற்ற முடியாது.

“பேர் மாறியிருக்கு.”

“ஆமா மேடம். முதல்ல எழுதினது தப்பு. அக்கவுன்ட் என் தம்பியோடது.”

“உனக்குத் தம்பி இருக்கானா?” மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடமாக ஒரே அறையில் வேலை. “சொன்னதே இல்லையே.”

“இருக்கான் மேடம்.”

“இந்தப் பேர் உறுதியா? அங்கே ஒத்துப் பார்ப்பாங்க.”

எதையும் தானே பார்க்காமல் அவள் இதுவரை உறுதி என்று சொன்னதில்லை. வீட்டில் பால் பொங்கிவிட்டது என்றாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அப்பா தெரிந்தார். சுவரில் ஓடும் எண்களைப் பார்க்காமல், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறுதி மேடம்.”

மேடம் அழுத்தினார்.

சத்தம் எதுவும் வரவில்லை. திரையில் ஒரு வரி பச்சையானது, அவ்வளவுதான். இரண்டு ஐம்பத்து நாலு. “போயாச்சு,” என்றார் மேடம். “பேர் ஒத்துப்போனா நாளைக்குக் காலையில அங்கே விழும்.” அடுத்த பாரத்தை எடுத்துக்கொண்டார்.

அவள் அண்ணனுக்கு இரண்டு வார்த்தை தட்டினாள். ரசீதை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். இந்த முறை நடந்து.

அப்பா ரசீதை வாங்கி, பெயர் இருந்த வரியை மட்டும் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“இப்ப சொல்லுங்க,” என்றாள்.

“லெட்டர் போட்டிருந்தான்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “யாரு?”

“அவன்தான். பத்து மாசம் இருக்கும். போன்ல பேசினா நான் எடுப்பேன்னு பயம் போலிருக்கு, தபால்ல போட்டிருந்தான். இருந்த வேலை போயிடுச்சு, ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் அனுப்பினா நல்ல வேலையா பார்த்துக்குவேன், இல்லன்னா கிடைக்கிற வேலைக்குப் போகணும்னு. அடியில அக்கவுன்ட் விவரம். நம்பர், உன்னோட இந்தக் கோடு, எல்லாம் ஒழுங்கா எழுதியிருந்தான். அதெல்லாம் என் மனசுல நிக்கல. பேர் மட்டும் நின்னுது. முழுப் பேர். என் பேரை அவன் எடுக்கவே இல்ல.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

கிடைக்கிற வேலை. ஏணி. அவள் அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார்.

“சரிப்பா,” என்றாள், அவர் கை மேல் கை வைத்து. “இன்னிக்கு அனுப்பிட்டீங்க. அது போதும். பத்து மாசம் முன்னாடி உங்களுக்கு மனசு வரல, இன்னிக்கு வந்துது. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட நிதானமா சொல்லிக்கலாம். உங்களுக்கு வந்த லெட்டர், பதில் போடறதும் போடாததும் உங்க...”

“இல்லம்மாடி.” அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த லெட்டர் எனக்கு வரல. கவர் மேல உங்கம்மா பேர்தான் எழுதியிருந்துது.”